தர்ஷினியின் இன்சுலினும் எங்கள் தெரு ஃப்ரீசரும்

என் மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது ஆஸ்பத்திரி அனுபவம் எழுதியிருந்தால் நான் கடைசிப் பத்தியைத்தான் முதலில் படிப்பேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது என்று தெரிந்தால்தான் மற்றதைப் படிக்க எனக்குத் தெம்பு வரும். என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நான் எழுதுவதும் உங்களுக்காகத்தான்.

நாங்கள் இருப்பது அந்தமான் நிகோபார் தீவுகளின் தென்கோடியில், கேம்பல் பே. எங்களுக்குத் தெற்கே கொஞ்சம் காடும் கடலும்தான். என் மாமனார் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, நிலம் கிடைத்து இங்கே குடியேறியவர். கணவர் முருகேசன் பவர் ஹவுஸில் ஆபரேட்டர். நான் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. ஒரே மகள் தர்ஷினி, எட்டாம் வகுப்பு. எதையும் முன்கூட்டியே நினைத்துக் கவலைப்படுவது என் சுபாவம். கப்பல் தாமதமாகும் என்று யாராவது சொன்னால் அன்றே இரண்டு மடங்கு பருப்பு வாங்கி வைப்பேன். இந்தத் தீவில் அதை யாரும் வியாதியாக நினைப்பதில்லை, கெட்டிக்காரத்தனம் என்பார்கள்.

மழை தொடங்கிய சமயத்தில் தர்ஷினி தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். பாட்டிலை நிரப்பி நிரப்பிக் குடித்தாள். இரவில் பலமுறை பாத்ரூமுக்கு எழுந்தாள். பள்ளிப் பாவாடைக்கு ஊக்கு குத்த வேண்டி வந்தது. உயரமாகிறாள், அதனால் மெலிகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் வாந்தி எடுத்தாள். வாந்தி நின்ற பிறகும் ஓடி வந்தவள்போல் மூச்சு வாங்கினாள். பக்கத்தில் குனிந்தபோது அவள் வாயிலிருந்து மிகவும் பழுத்த அன்னாசியின் வாடை வந்தது. அந்த வாடை எனக்கு இன்றும் மறக்கவில்லை. சந்தையில் அன்னாசிக் கடையைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் அவள் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை அளக்கும் மெஷின் எண்ணையே காட்டவில்லை. மெஷின் அளக்கக்கூடிய எல்லையையே சர்க்கரை தாண்டியிருந்தது. உடனே சலைன் ஏற்றினார்கள். போர்ட் பிளேருக்கு ஹெலிகாப்டர் கேட்டார்கள்.

நடந்தது என்னவென்று பிறகுதான் எனக்கு விளங்கியது. வயிற்றுக்குள் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையை உடம்பு பயன்படுத்திக்கொள்ள உதவும் இன்சுலினை அதுதான் சுரக்கிறது. தர்ஷினிக்கு அவளுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பை அழித்துவிட்டது. முதல் வகை நீரிழிவு என்கிறார்கள். மிட்டாய் தின்றதால் வந்ததில்லை, எங்கள் வளர்ப்பால் வந்ததும் இல்லை. இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை நிறைந்து கிடந்தும் உடம்பு பட்டினியாகவே இருக்கும். அதனால் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அப்படி எரியும்போது உண்டாகும் கழிவுக்குக் கீட்டோன் என்று பெயர். அது சேரச் சேர ரத்தம் அமிலமாகிறது. அன்னாசி வாடை அதனுடையது. கவனிக்காமல் விட்டிருந்தால் முதலில் மயக்கம், அதற்குப் பிறகு உயிரே போயிருக்கும்.

மேகம் விலகட்டும் என்று ஹெலிகாப்டருக்காகக் காத்திருந்த அந்த முற்பகலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என் கணவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார், உள்ளே வந்து சலைன் பாட்டிலைப் பார்ப்பார். சத்தம் கேட்டதும், "கூட ஒரு ஆளுக்குத்தான் இடமாம். நீ போ சாந்தி. நான் கப்பலப் பிடிச்சு வந்துடுறேன்," என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அதுதான் முதல் முறை.

போர்ட் பிளேரில் அவளைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டு போனார்கள். இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சர்க்கரையைச் சீக்கிரம் இறக்கினால் என்ன என்று நான் கேட்டேன். சர்க்கரை வேகமாக இறங்கினால் மூளை வீங்கிவிடும், அதனால் நிதானமாகத்தான் இறக்க வேண்டும் என்று வங்காளி டாக்டரம்மா இந்தியில் விளக்கினார். மணிக்கொரு தடவை விரலைக் குத்தினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பையும் பார்த்தார்கள். அது குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறுமாம். எனக்கு விளங்காத ஒவ்வொரு சொல்லையும் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒரு தடவைகூட அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை.

வெளியே காத்திருக்கும் இடத்தில் பாராடாங் தீவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல். படகுத்துறையில் வண்டியோடு காத்து நின்று, காட்டுச் சாலையைத் தாண்டி வந்திருந்தாள். தன் ஃப்ளாஸ்கில் இருந்த சூடான தண்ணீரைக் கேட்காமலே எனக்கு ஊற்றிக் கொடுத்தாள். இருவரும் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

என் நாத்தனார், கணவரின் அக்கா, போர்ட் பிளேரிலேயே புரோத்ராபூரில் இருக்கிறார். அண்ணி தினமும் பஸ் பிடித்து ரசம் சாதத்தோடு வந்துவிடுவார். தர்ஷினி கண்ணைத் திறந்து பேசத் தொடங்கி, வார்டுக்கு மாற்றிய பிறகும் நான் அழுதுகொண்டே இருந்தேன். அண்ணி என்னைத் தோளைப் பிடித்து எழுப்பினார். "நீ அழுதா அவ சாப்பிட மாட்டா. வெளிய போயி நல்லா அழுதுட்டு, மூஞ்சி கழுவிக்கிட்டு வா. அதுவரைக்கும் நான் இருக்கேன்," என்றார். நான் போய் அழுதுவிட்டு வந்தேன். உண்மையிலேயே அது உதவியது.

வார்டில் எங்களுக்குப் பாடம் தொடங்கியது. ஊசி எப்படிப் போடுவது, எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு, சர்க்கரை கீழே இறங்கினால் என்ன அடையாளம். கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத எரிச்சல் வந்தால் உடனே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். மேலே போனால் மெதுவாகத்தான் ஆபத்து, கீழே இறங்கினால் நிமிடங்களில் ஆபத்து. தர்ஷினி தன் வயிற்றில் தானே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ கண்ண மூடினா எனக்கு பயமா இருக்கும்மா. பாரு," என்றாள்.

பார்த்தேன்.

வீடு எங்கே என்று டாக்டரம்மா கேட்டார். கேம்பல் பே என்றதும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. போகாதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. இங்கே இருந்தால் ஒன்று மறந்துபோனாலும் ஓடிப்போய் வாங்கலாம், அங்கே எல்லாம் முதலிலேயே கையில் இருக்க வேண்டும், முடியுமா என்று நீங்களே யோசியுங்கள் என்றார். அண்ணி யோசிக்கவே இல்லை. பிள்ளை தன்னோடு இருக்கட்டும், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், அவசரம் என்றால் ஆட்டோ என்றார். தர்ஷினி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கப்பலில் வந்து சேர்ந்திருந்த என் கணவர், பள்ளி ஆண்டு முடியும்வரை ஊரில் வைத்துப் பார்ப்போம், அதற்குப் பிறகு முடிவு செய்வோம் என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆனால் மனதுக்குள் அண்ணி பக்கம்தான் இருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் என் ஏற்பாடுகள் ஆரம்பமாயின. இன்சுலின் வீட்டில் நிறைய இருக்க வேண்டும் என்று, கப்பலில் வந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வரவழைத்தேன். சோதிக்கும் ஸ்ட்ரிப்புகளும் அப்படியே. அவை விலை அதிகம், வாழ்நாள் முழுக்கத் தேவை. ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு முழுக்க மருந்து. செல்போனில் அலாரத்துக்கு மேல் அலாரம். பள்ளிப் பையில், சைக்கிள் கூடையில், என் கைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட்டுகள். "சரக்கு ஏத்துற கப்பல் மாதிரி ஆயிட்டோம்," என்று என் கணவர் கேலி செய்வார். இத்தனை இருந்தும் நான் தூங்கவில்லை. இரவில் எழுந்து அவள் மூக்கருகே கையை வைத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு எண்ணுக்கும் அவளிடம் விசாரணை வைப்பேன். அது கூடினால், என்ன தின்றாய் என்பேன். குறைந்தால், ஏன் தின்னவில்லை என்பேன். மாலையில் அண்ணிக்கு போன் செய்து, என்னால் முடியவில்லை, அங்கேயே அனுப்பிவிடட்டுமா என்று கேட்பேன். தர்ஷினி பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருப்பாள்.

அப்போது ஒரு பெருங்காற்று வந்து, மரங்கள் விழுந்து மின்கம்பிகள் அறுந்தன. கணவர் பவர் ஹவுஸுக்குப் போய்விட்டார்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிற வீட்டின் ஃப்ரீசர் தெருவுக்கே பொது. அந்த வீடு பல்ஜீத் ஆன்ட்டியுடையது. அவர்களும் ராணுவக் குடும்பம், பஞ்சாபிலிருந்து வந்தவர்கள். அவரவர் மீனையும் கோழியையும் டப்பாவில் பெயர் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கரண்ட் வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரு துண்டுகூட மாறாது. கப்பல் தவறும் காலத்தில் எங்களுக்கு அதுதான் பெரிய பாதுகாப்பு. நானும் மீன் டப்பாவோடு, இன்சுலின் மொத்தத்தையும் ஒரு டப்பாவில் போட்டு ஆன்ட்டி கையில் கொடுத்தேன். தர்ஷுவின் மருந்து, குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றேன். அவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு குப்பி மட்டும் வெளியே இருந்தது.

அன்று மாலையே கரண்ட் வந்துவிட்டது. தர்ஷினி போய் டப்பாவை வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

சில நாள்களில் பழைய குப்பி தீர்ந்து புதியதைத் திறந்தோம். காலையும் மாலையும் எண் என்ன என்று நான் கேட்பேன். நல்ல எண்ணாகத்தான் சொல்வாள். ஆனால் மறுபடியும் தண்ணீர் பாட்டில் அவள் கையை விட்டு இறங்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் படுக்கையிலிருந்து எழவில்லை. குனிந்தேன். அன்னாசி வாடை.

மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஹெலிகாப்டர் வர வாய்ப்பில்லை. அதே இளம் டாக்டர், அதே கட்டில். இன்சுலின் ஒழுங்காகப் போட்டோம் என்று நான் சத்தியம் செய்தேன். நான்தான் பக்கத்தில் நின்று ஒவ்வோர் ஊசியையும் பார்த்தவள். சரியான அளவு போட்டும் சர்க்கரை ஏன் இறங்கவில்லை, அண்மையில் ஏதாவது மாறியதா என்று அவர் கேட்டார். புதுக் குப்பி தவிர வேறு ஒன்றுமில்லை என்றேன்.

கட்டிலிலிருந்து தர்ஷினி பேசினாள். "அது ஐஸாயிடுச்சு டாக்டர்."

"எப்போ?" என்றார் அவர்.

"கரண்ட் போனப்போ. ஆன்ட்டி வீட்ல இருந்து நான்தான் எடுத்துட்டு வந்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு. கையில வச்சுக்கிட்டே இருந்தேன், தண்ணியாயிடுச்சு. சரியாயிடுச்சுன்னு நெனச்சேன்."

நான், "அப்போ தெனமும் எங்கிட்ட சொன்ன நம்பரு?" என்றேன்.

"பொய்."

"ஏண்டி?"

"நெஜத்தச் சொன்னா நீ அத்தைக்கு போன் பண்ணுவ. ஐஸானதச் சொன்னா ஆன்ட்டிகூடச் சண்ட போடுவ. அப்புறம் என்ன அங்க அனுப்பிடுவீங்க. எனக்கு இங்கதாம்மா இருக்கணும்."

டாக்டர் தலையைக் குனிந்து ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பேச்சைக் கேட்காதவர்போல் இருந்ததற்கு அவருக்கு நன்றி. பிறகு எனக்கு விளக்கினார். இன்சுலின் ஒரு புரதம். உறைந்தால் அதன் அமைப்பு உடைந்துவிடும். உருகிய பிறகு பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாமல் போகலாம், ஆனால் வேலை செய்யாது. நாங்கள் இத்தனை நாளும் அவளுக்குப் போட்டது ஏறக்குறைய வெறும் தண்ணீர். ஆஸ்பத்திரியில் நல்ல இன்சுலின் இருந்தது. சலைனோடு அதை ஏற்றினார்கள். கீட்டோன் இறங்கும்வரை நானும் கணவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். மழைச் சத்தத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்பதுபோல் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அது வரவில்லை. வரத் தேவையும் இல்லாமல் போனது. காலையில் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை கோயில்களுக்கு வேண்டிக்கொண்டிருந்தேன் என்பதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

செய்தி கேட்டு பல்ஜீத் ஆன்ட்டி வந்தார். வார்டுக்குள் வராமல் கதவருகே நின்றார். "சாந்தி, மைனே சப்சே நீச்சே ரக்கா தா, பரஃப் கே பாஸ்," என்றார். எல்லாவற்றுக்கும் அடியில், ஐஸ் பக்கத்தில், அதுதான் நல்ல குளிர் என்று தேடிப் பார்த்து வைத்திருக்கிறார். மீனை எல்லாம் மேலே எடுத்துவிட்டு இடம் பண்ணியிருக்கிறார். குளிர் என்று மட்டும் சொன்னவள் நான். அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை. தர்ஷினி கட்டிலிலிருந்து, "ஆன்ட்டி, மேரா தவாயி பி மச்சிலி பன் கயா," என்றாள். என் மருந்தும் மீனாகிப்போச்சு என்று. ஆன்ட்டி அழுதுகொண்டே சிரித்தார்.

டாக்டர் சொன்னவற்றில் என்னை உலுக்கியது ஒன்று. அன்று கரண்ட் இல்லாத நேரம் முழுவதும் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் அப்படியே விட்டிருந்தால் இன்சுலினுக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. "நாம சும்மா இருந்திருந்தா போதும் சாந்தி," என்றார் என் கணவர். குத்திக்காட்டவில்லை, அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பயத்தில் செய்ததையெல்லாம் நான் ஏற்பாடு என்று நம்பிக்கொண்டிருந்தேன். எதற்காகச் செய்கிறோம், எவ்வளவு போதும் என்று ஒரு நாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் டாக்டரையும் வைத்துக்கொண்டு மூவரும் யோசித்தோம். வீட்டில் ஒரு கப்பல் தவறினாலும் அடுத்தது வரும்வரை தாங்கும் மருந்து போதும், அதற்கு மேல் வேண்டாம். அதிலும் பாதி ஆஸ்பத்திரியில், தடுப்பூசி வைக்கும் பெட்டியில் இருக்கட்டும் என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். ஒரே இடத்தில் ஏதாவது ஆனாலும் இன்னொரு இடத்தில் இருக்கும். கரண்ட் போனால் ஃப்ரிட்ஜை யாரும் தொடுவதில்லை. ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க ஈர மணல் போட்ட மண்பானை இருக்கிறது. புதுக் குப்பி திறந்து எண் இறங்காவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்தை, பிள்ளையை அல்ல. இந்தக் கடைசி வாக்கியத்தை டாக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

தர்ஷினியும் ஒரு விதி கேட்டாள். அவள் எண்ணைச் சொன்னால் நான் முகத்தை மாற்றக் கூடாது. எண் என்பது மழை எவ்வளவு பெய்தது என்பதைப் போல, அதைத் திட்ட முடியாது என்றாள். சரி என்றேன். முகம் என் கட்டுப்பாட்டுக்குள் வர நாளாயிற்று. முதலில் கொஞ்ச நாள் அவள் எண்ணைச் சொல்லும்போது நான் வேண்டுமென்றே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்கினோம். மாலைக் காப்பிக்குப் பிறகு மூவரும் உட்கார்ந்து மறுநாளைப் பேசிவிடுவோம். விளையாட்டுப் பாடம் இருக்கிறதா, முன்னால் என்ன சாப்பிட வேண்டும், அப்பாவுக்கு எந்த ஷிஃப்ட், இரவு சோதனை யாருடைய முறை. பேசி முடித்ததும் அந்தப் பேச்சு முடிந்தது. எனக்கு ஏதாவது புதிதாகப் பயம் வந்தால் அடுத்த மாலைவரை அடக்கி வைக்க வேண்டும். நம்பமாட்டீர்கள், பாதிப் பயம் அடுத்த மாலைக்குள் தானாகவே போய்விடுகிறது. எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, கணவரின் முறை வரும் இரவில் நான் எழாமல் இருப்பது. விழித்துக்கொண்டு தூங்குவதுபோல் படுத்திருப்பேன். அவர் எழுந்து, பார்த்து, திரும்பி வந்து படுப்பார். ஒரு நாள் விடிந்த பிறகுதான் தெரிந்தது, நான் நிஜமாகவே தூங்கிவிட்டேன் என்று.

பல்ஜீத் ஆன்ட்டி மெஷினில் சோதிக்கக் கற்றுக்கொண்டார். எங்களுக்கு முன்பே அவர்தான் இப்போது தர்ஷினியைக் கேட்கிறார், சாப்பிடுவதற்கு முன் பார்த்தாயா என்று.

பள்ளி ஆண்டு முடியும் தறுவாயில் அண்ணி போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டதாகவும், இடம் இருப்பதாகவும், தர்ஷினிக்காக ஜன்னலோர அறையை வெள்ளையடித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். கணவரைப் பார்த்தேன். உன் இஷ்டம் என்பதுபோல் தலையசைத்தார். உள்ளறையில் பக்கம் புரட்டும் சத்தம் நின்றிருந்தது.

"அவ இங்கேயே இருக்கட்டும் அண்ணி," என்றேன். "பயமாத்தான் இருக்கு. ஆனா பாத்துக்கலாம்னு தோணுது. லீவுக்கு அனுப்பி வைக்கிறேன், அந்த ரூம்ல படுத்துக்கட்டும்."

அண்ணி, "உனக்கு எப்ப முடியலன்னு தோணுதோ அப்ப சொல்லு. வெள்ளையடிச்சது வீணாப் போகாது," என்றார்.

மறுநாள் காலையில் நான் சமையலறையில் இருந்தேன். தர்ஷினி தன் அறையில் விரலைக் குத்திக்கொண்டிருந்தாள். பிறகு தெருவுக்கே கேட்கும் குரலில் கத்தினாள்.

"அம்மா, முந்நூறு தாண்டிடுச்சு. நேத்து ஆன்ட்டி வீட்ல அல்வா. கேக்காமயே சொல்லிட்டேன், பாத்துக்க."

முந்நூறு நல்ல எண் இல்லை. கூடுதலாக எத்தனை யூனிட் என்று அவளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைக் குறைத்துவிட்டு அந்தக் கணக்கைச் சரிபார்க்கப் போனேன். சரியாக இருந்தது.